கடற்கரை நீளம்: எந்தக் கணக்கு சரி?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். படித்துக் காட்டுகிறேன்.

"ஐயா, என் மகள் இரண்டாம் படிவம் படிக்கிறாள். புவியியல் இடுபணிக்கு உலக நாடுகளின் கடற்கரை நீளத்தை ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட வேண்டும். மலேசியாவுக்கு ஓரிடத்தில் 4,675 கிலோமீட்டர் என்று இருக்கிறது, இன்னோரிடத்தில் 9,323 என்று இருக்கிறது. அமெரிக்காவுக்கு 19,924 என்றும் பார்த்தோம், 133,312 என்றும் பார்த்தோம். இந்தியாவுக்கு நான் படித்த காலத்தில் 7,516. இப்போது 11,098 என்கிறார்கள். நிலம் வளர்ந்துவிட்டதா, இல்லை யாராவது தப்பாக எழுதிவிட்டார்களா? எதை எழுதச் சொல்வது?"

நல்ல கேள்வி அம்மா. நிலம் வளரவில்லை. நீங்கள் சொன்ன எண்களில் ஒன்றுகூடப் பொய்யும் இல்லை. எந்த அளவுகோலால் அளந்தார்கள் என்பதை எழுதாமல் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். அந்த ஒரு வரி இல்லாத கடற்கரை நீளத்தை நான் எண்ணாகவே மதிப்பதில்லை. கொஞ்சம் கடுமையாகப் பேசுவதாகத் தோன்றலாம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று பாருங்கள்.

இதோ மேசையில் பினாங்குத் தீவின் வரைபடம் இருக்கிறது. கையில் ஒரு கவராயம். இதன் இரண்டு கால்களையும் வரைபடத்தில் 5 கிலோமீட்டர் வரும் அளவுக்கு விரித்துக்கொள்கிறேன். ஜார்ஜ் டவுனில் கார்ன்வாலிஸ் கோட்டை முனையில் ஒரு காலை ஊன்றி, வடக்குக் கரையோரமாக மேற்கே நடத்துகிறேன். தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் பூங்ஙா, பத்து பெரிங்கி, தெலுக் பகாங் எல்லாம் சில எட்டுகளில் முடிந்துவிட்டன. நடுவில் எத்தனை வளைவு, எத்தனை பாறை முனை! கவராயம் ஒன்றையும் பார்க்கவில்லை, தாண்டித் தாண்டிப் போய்விட்டது. வடமேற்கு மூலையில் தேசியப் பூங்கா இருக்கிறதே, முக்கா ஹெட் கலங்கரை விளக்கம் நிற்கும் இடம், அங்கே அந்த முனையையே ஒரு மூலையாக வெட்டிவிட்டுத் தெற்கே இறங்கிவிட்டது.

இப்போது கால்களை 1 கிலோமீட்டருக்குக் குறுக்குகிறேன். அதே முக்கா ஹெட் பக்கம் வருகிறேன். இப்போது கவராயம் பந்தாய் கெராச்சுட் விரிகுடாவுக்குள் நுழைந்து வெளியே வருகிறது. அடுத்த விரிகுடாவுக்குள்ளும் நுழைகிறது. கோலா சுங்கை பினாங்கு பக்கம் வந்தால் ஆற்று வாய்க்குள் எட்டிப் பார்க்கிறது. சுற்றி முடித்துக் கூட்டினால் தீவின் சுற்றளவு முன்பைவிட அதிகம். தீவு அதே தீவு. 100 மீட்டருக்குக் குறுக்கினால் ஒவ்வொரு பாறைத் திட்டும் கணக்கில் ஏறும், நீளம் இன்னும் கூடும்.

ஆனால் கவனியுங்கள், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கூடவில்லை. கிழக்குக் கரையைப் பாருங்கள். ஜெலுத்தோங்கிலிருந்து பாயான் லெப்பாஸ் வரை விரைவுச்சாலையோரம் பெரும்பாலும் மண் கொட்டி நிரப்பி, கற்களை அடுக்கி நேராக்கிய கரை. அங்கே 5 கிலோமீட்டர் எட்டில் அளந்தாலும் 1 கிலோமீட்டர் எட்டில் அளந்தாலும் பெரிய வித்தியாசம் வராது. வடமேற்கில் காடும் பாறையும் உள்ள பக்கம்தான் ஊதிப் பெருக்கிறது. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நாடுகளை ஒப்பிடும்போது இதுதான் எல்லாவற்றையும் கலைத்துப் போடப் போகிறது.

இதை முதலில் முறையாக ஆராய்ந்தவர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். வானிலையைக் கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்லலாம் என்று 1922-லேயே புத்தகம் எழுதியவர். குவேக்கர் சமயத்தவர்; போரை வெறுத்தவர். முதல் உலகப் போரில் துப்பாக்கி தூக்காமல் ஆம்புலன்ஸ் ஓட்டினார். பிற்காலத்தில், நாடுகள் ஏன் சண்டை போடுகின்றன என்று கணக்குப் போடத் தொடங்கினார். இரண்டு நாடுகளுக்கு இடையே எல்லை நீளமாக இருந்தால் சண்டை அதிகமா என்பது அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று. அதற்கு எல்லைகளின் நீளம் வேண்டும். புத்தகங்களைப் புரட்டினால் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையிலான அதே எல்லைக்கு ஓரிடத்தில் 987 கிலோமீட்டர், இன்னோரிடத்தில் 1,214. நெதர்லாந்து, பெல்ஜியம் எல்லைக்கு 380 என்றும் 449 என்றும் இருந்தது. உங்கள் மகளுக்கு வந்த அதே தலைவலிதான் அம்மா. வேறொருவராக இருந்தால் சலித்துக்கொண்டு ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு போயிருப்பார். இவர் கவராயத்தை எடுத்து, பல கரைகளைப் பல திறப்புகளில் அளந்து பார்த்தார். எட்டு சிறியதாகச் சிறியதாக நீளம் கூடிக்கொண்டே போனது. அதுவும் ஓர் ஒழுங்கில் கூடியது.

அவர் 1953-இல் காலமானார். அந்த ஆராய்ச்சி 1961-இல்தான் அச்சில் வந்தது. அதை எடுத்துப் படித்த பெனுவா மாண்டல்பிரோ என்ற கணிதவியலாளர் 1967-இல் சயன்ஸ் இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். பிரிட்டனின் கடற்கரை எவ்வளவு நீளம் என்பதுதான் அதன் தலைப்பில் உள்ள கேள்வி. எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் கோணல்மாணல் குறையாத வடிவங்களை ஃபிராக்டல் என்று இன்று கணிதத்தில் பேசுகிறார்களே, அந்தத் துறைக்கு அது ஒரு பெரிய திறப்பு.

ரிச்சர்ட்சன் கண்ட ஒழுங்கை ஓர் எண்ணாகச் சொல்லலாம். கரை எவ்வளவு கோணல்மாணலானது என்பதற்கான எண். முற்றிலும் நேரான கோட்டுக்கு அது 1. தென்னாப்பிரிக்காவின் கரைக்கு 1.02. ஆஸ்திரேலியாவுக்கு 1.13. பிரிட்டனின் மேற்குக் கரைக்கு 1.25. பார்த்தால் சின்ன வித்தியாசம்தான். வேலையைப் பாருங்கள்: அளவுகோலைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் தென்னாப்பிரிக்கக் கரையின் நீளம் ஏறக்குறைய 5 சதவீதம் கூடும். பிரிட்டனின் மேற்குக் கரை கிட்டத்தட்ட 78 சதவீதம் கூடும். இன்னும் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் பிரிட்டனின் அந்தக் கரை மூன்று மடங்கைத் தாண்டும், தென்னாப்பிரிக்கா 10 சதவீதத்தில் நிற்கும். ஆக, எந்த நாட்டுக் கரை நீளமானது என்ற கேள்விக்கான பதிலே அளவுகோலைப் பொறுத்து மாறிவிடலாம்.

முடிவே இல்லாமல் கூடுமா என்று கேட்பீர்கள். கணிதத்தில் வரையும் கோடு முடிவிலிக்குப் போகும். உண்மையான கடற்கரையில் அந்தப் பேச்சு எடுபடாது. ஒரு மீட்டருக்குக் கீழே இறங்கினால் நீங்கள் அளப்பதற்குள் அலை வந்து கோட்டை அழித்துவிடும்.

சரி, இப்போது உங்கள் அட்டவணைக்கு வருவோம். பெரும்பாலும் இரண்டு பட்டியல்கள்தான் எங்கும் சுற்றுகின்றன. ஒன்று, அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. தொகுத்து வந்த உலகத் தகவல் நூலின் பட்டியல். இன்னொன்று உலக வளங்கள் நிறுவனம் என்ற ஆய்வு அமைப்பு கணக்கிட்டது. மலேசியாவுக்கு 4,675 என்பது முதல் பட்டியல். தீபகற்பத்துக்கு 2,068, சபா சரவாக்குக்கு 2,607. 9,323 என்பது இரண்டாவது பட்டியல்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். சிலி நாட்டுக்கு முதல் பட்டியலில் 6,435, இரண்டாவதில் 78,563. பன்னிரண்டு மடங்கு! தெற்குச் சிலியின் கரை பனியாறுகள் அரித்துக் கிழித்த கரை. நூற்றுக்கணக்கான தீவுகளும் கால்வாய்களும் அங்கே பின்னிக் கிடக்கின்றன. அதையெல்லாம் தாண்டி நேராகப் போனால் ஆறாயிரம், உள்ளே நுழைந்து நுழைந்து வந்தால் எழுபத்தெட்டாயிரம். அமெரிக்கா 19,924-இலிருந்து 133,312-க்குத் தாவுகிறது. அதே நேரத்தில் ஜப்பானைப் பாருங்கள். முதல் பட்டியலில் 29,751, இரண்டாவதில் 29,020. அசையவே இல்லை. பிலிப்பைன்சுக்கு 36,289, பிறகு 33,900.

ஏன் இப்படி? முதல் பட்டியல் ஒரே அளவுகோலால் அளந்த பட்டியல் இல்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் கிடைத்த எண்ணை எடுத்துப் போட்டது. ஜப்பான் நுணுக்கமாக அளந்து வைத்திருந்தது. அமெரிக்காவின் எண்ணோ 1948-இல் மிகவும் முரட்டுத்தனமான முறையில் அளந்தது: அட்சரேகையில் 30 நிமிடம், அதாவது ஏறக்குறைய 55 கிலோமீட்டர் எட்டு வைத்து அளந்தார்கள். 55 கிலோமீட்டர் எட்டில் பினாங்குத் தீவு முழுவதும் ஒரே தாண்டலில் காணாமல் போய்விடும். அதே அமெரிக்க அரசிடம், ஆற்று வாய்களுக்குள்ளும் சிறு குடாக்களுக்குள்ளும் புகுந்து அளந்த இன்னொரு கணக்கும் இருக்கிறது. அது 88,633 மைல், நம் கணக்கில் 142,000 கிலோமீட்டருக்கு மேல். ஒரே அரசு, ஒரே கரை, இரண்டு எண்கள், இரண்டும் அதிகாரபூர்வமானவை.

ஆகவே முதல் பட்டியலைப் பார்த்து, "பிலிப்பைன்சின் கடற்கரை அமெரிக்காவைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு நீளம்" என்று எழுதுவது, ஒரு கடையில் படியால் அளந்த அரிசியையும் மறு கடையில் கிலோவில் நிறுத்த அரிசியையும் வெறும் எண்ணை வைத்து ஒப்பிடுவதற்குச் சமம். இரண்டாவது பட்டியலில் அதே பிலிப்பைன்ஸ் அமெரிக்காவில் கால் பங்குதான். போட்டித் தேர்வுப் புத்தகங்களும் பொது அறிவுக் காணொளிகளும் முதல் பத்து நாடுகள் என்று வரிசை போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. எனக்கு அதைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது. இரண்டாம் இடம் யாருக்கு, மூன்றாம் இடம் யாருக்கு என்பது பட்டியலுக்குப் பட்டியல் மாறும்.

இரண்டாவது பட்டியல் எல்லா நாடுகளையும் 1:250,000 என்ற ஒரே அளவு வரைபடத்திலிருந்து எடுத்தது, அதாவது வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் இரண்டரைக் கிலோமீட்டர். ஒப்பிடுவதற்கு அது நேர்மையானது. அந்த அளவில் கனடா 265,523, அமெரிக்கா 133,312, ரஷ்யா 110,310, இந்தோனேசியா 95,181, சிலி 78,563, ஆஸ்திரேலியா 66,530, நார்வே 53,199.

முதலிடம் மட்டும் எந்தப் பட்டியலிலும் ஆடவில்லை என்பதைக் கவனித்தீர்களா? முதல் பட்டியலில் கனடாவுக்கு 202,080. அந்நாட்டின் புள்ளிவிவரத் துறை சொல்வது 243,042. எப்படிப் பார்த்தாலும் முதல். ஆர்க்டிக் பக்கம் ஆயிரக்கணக்கான தீவுகள், நடுவில் ஹட்சன் விரிகுடா, மேற்கில் பனியாறு செதுக்கிய கரை. போட்டிக்கு ஆளே இல்லை.

நார்வேதான் எனக்குப் பிடித்த உதாரணம். குடாக்களையும் தீவுகளையும் விட்டுவிட்டு வெளிப்புறமாக ஒரு கோடு இழுத்தால் சுமார் 2,650 கிலோமீட்டர். ஃபியோர்டு எனப்படும் ஆழமான கடல் வாய்களுக்குள் நுழைந்து பெருநிலத்தை மட்டும் அளந்தால் ஏறக்குறைய 29,000. தீவுகளையும் சேர்த்தால் முன்பு 83,000 என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2010-களின் தொடக்கத்தில் துல்லியமான வரைபடத்தில் மறுபடி கணக்கிட்டபோது ஒரு இலட்சத்தைத் தாண்டியது. சோக்னெஃபியோர்டு என்ற ஒரே ஒரு கடல் வாய் 200 கிலோமீட்டருக்கு மேல் நிலத்துக்குள் நீள்கிறது. போக இருநூறு, வர இருநூறு. கோலாலம்பூரிலிருந்து பினாங்கு வரையுள்ள தூரத்தைவிட அதிகமான கரை அந்த ஒரு வாய்க்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது.

மறுமுனையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். மொனாக்கோவுக்கு 4 கிலோமீட்டர் சொச்சம், போஸ்னியாவுக்கு 20, ஜோர்டானுக்கு 26. இவ்வளவு சிறிய கரைகளில் பட்டியல்களுக்கு இடையே சண்டை குறைவு.

இந்தியாவுக்கு வருவோம். உங்களில் பலருக்கு அங்கே சொந்த ஊர் இருக்கிறது, அதனால் ஆர்வமும் இருக்கும். 7,516.6 கிலோமீட்டர் என்பது 1970-களின் கணக்கு. ஒன்றுக்கு நாற்பத்தைந்து இலட்சம் என்ற மிகச் சிறிய அளவு வரைபடத்திலிருந்து எடுத்தது. அண்மையில் 1:250,000 அளவுள்ள மின்னணுக் கடல் வரைபடங்களை வைத்து மறுபடி கணக்கிட்டார்கள், 11,098.81 வந்தது. உள்துறை அமைச்சின் 2023-24 ஆண்டறிக்கை அதைத்தான் சொல்கிறது.

மாநிலவாரியாகப் பார்த்தால்தான் சுவை. மேற்கு வங்காளம் 157 கிலோமீட்டரிலிருந்து 721-க்குப் போய்விட்டது. காரணம் சுந்தரவனம், தீவும் ஆற்றுக் கிளையும் சதுப்புமாகச் சிதறிக் கிடக்கும் கரை. குஜராத் 1,214-இலிருந்து 2,340. கேரளமோ 569-இலிருந்து 600, அவ்வளவே. கேரளக் கரையை வரைபடத்தில் பாருங்கள், பெரும்பாலும் நூல் பிடித்ததுபோல் நேராக ஓடும். நம் பாயான் லெப்பாஸ் பக்கத்தின் கதைதான், ஆனால் அங்கே இயற்கையே செய்தது. தமிழ்நாடு 906.9-இலிருந்து 1,068.69-க்கு வந்திருக்கிறது. ஆந்திரம் 973.7-இலிருந்து 1,053-தான். தமிழ்நாட்டைவிட ஆந்திரக் கரை நீளம் என்று அரை நூற்றாண்டாகப் பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கினார்கள். அளவுகோலை மாற்றியதும் தமிழ்நாடு முந்திக்கொண்டது. பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம், ஒரு பிடி மண்கூட அதிகமாகவில்லை.

இங்கே கூர்மையான நேயர் ஒருவர் கையைத் தூக்குவார்: உலக வளங்கள் நிறுவனத்தின் பட்டியலும் 1:250,000, இந்தியாவின் புதிய கணக்கும் 1:250,000, பிறகு ஏன் அதில் இந்தியாவுக்கு 17,181 என்று இருக்கிறது? அளவு ஒன்றாக இருந்தாலும் விதி ஒன்றாக இருக்க வேண்டும். ஆற்று வாய்க்குள் எவ்வளவு தூரம் போவது, எங்கே குறுக்கே கோடு போட்டு நிறுத்துவது, எவ்வளவு சிறிய தீவு வரை சேர்ப்பது, சதுப்புக்குள் ஓடும் உப்பங்கழி கடலா ஆறா? இவற்றுக்கு ஒவ்வொருவரும் ஒரு விதி வைத்துக்கொள்கிறார்கள். சுந்தரவனம் போன்ற இடத்தில் அந்த ஒரு விதியே ஆயிரக்கணக்கான கிலோமீட்டரைக் கூட்டும், குறைக்கும்.

கரை எது என்பதே சிக்கல்தான். பினாங்கில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கர்னி டிரைவில் மண் கொட்டிப் பூங்கா கட்டுவதற்கு முன்பு அந்தச் சுவரோரம் மாலையில் நின்றவர்கள் பார்த்திருப்பீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் சுவரில் மோதும். சில மணி நேரம் கழித்து வந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் கருஞ்சேறு. நண்டுகள் வளைக்குள் ஓடும், வெள்ளைக் கொக்குகள் சேற்றில் நின்று இரை கொத்தும். மட்டம் ஏறி இறங்குவது சுமார் இரண்டு மீட்டர்தான். ஆனால் சேற்றுத் தரை அவ்வளவு சமமாகக் கிடப்பதால் நீர்க்கோடு வெகுதூரம் பின்வாங்கிவிடும். கரை எது, சுவரா, சேற்றின் விளிம்பா? கடல் வரைபடங்களில் கரையென்று போடும் கோடு பொதுவாக உயர்ந்த நீர்மட்டத்துக்கு. நாடுகள் கடல் எல்லையை அளக்கத் தொடங்கும் கோடோ தாழ்ந்த நீர்மட்டத்துக்கு. இரண்டின் நீளமும் ஒன்றாக இருக்காது.

வெல்ட் கீயில் சீனர்களின் குல ஜெட்டிகள் இருக்கின்றன. மரக்கால்கள் மேல் வீடுகள், கீழே கடல். அவற்றின் கடைசிப் பலகை கரையா, சாலையோரம் கரையா? அந்த வெல்ட் கீயே 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கடலில் மண் கொட்டி எழுப்பிய நிலம். அதற்கு முன்பு பீச் ஸ்ட்ரீட் கடைகளின் பின்புறம் கடல் இருந்தது. இன்று அங்கிருந்து கடலைப் பார்க்கக் கொஞ்சம் நடக்க வேண்டும். மண் கொட்டினால் கரை நீளும் என்று நினைத்துவிடாதீர்கள். வளைந்த குடாவை நிரப்பி நேர்ச்சுவர் எழுப்பினால் நிலம் கூடும், கரை குறையும். கடலுக்கு நடுவே தனித்தீவாகக் கொட்டினால் இரண்டுமே கூடும்.

பரப்பளவு மட்டும் இந்தக் குழப்பத்திலிருந்து தப்பித்துக்கொள்கிறது. பினாங்குத் தீவின் பரப்பை முரட்டு வரைபடத்தில் அளந்தாலும் நுணுக்கமான வரைபடத்தில் அளந்தாலும் விடைகள் ஒன்றையொன்று நெருங்கி ஓரிடத்தில் நின்றுவிடும். ஒரு வளைவில் விட்டதை அடுத்த வளைவில் பிடித்துக்கொள்ளும். அதனால் சிங்கப்பூரின் பரப்பு 1960-களில் 581 சதுர கிலோமீட்டர், இன்று 730-ஐத் தாண்டிவிட்டது என்றால் நம்பலாம். உண்மையிலேயே மண் கொட்டிச் சேர்த்த நிலம் அது. கடற்கரை கூடியது என்று யாராவது சொன்னால் உடனே நம்பாதீர்கள், முதலில் எப்படி அளந்தார்கள் என்று கேளுங்கள்.

போன மாதம் வேறொரு நேயர் கேட்ட துணைக் கேள்வியும் இதில் அடங்கும்: நீளமே நிச்சயமில்லை என்றால் நாடுகள் கடலை எப்படிப் பங்கு போடுகின்றன? அவர்கள் நீளத்தைத் தொடுவதே குறைவு. 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்பாடு, கரையிலிருந்து 12 கடல் மைல், 200 கடல் மைல் என்று தூரத்தைத்தான் பேசுகிறது. தூரம் அளவுகோலுக்குத் தகுந்தபடி ஊதாது. கரை மிகவும் கிழிந்து கிடந்தால் முனைகளை இணைத்து நேர்க்கோடு போடலாம் என்றும் அனுமதிக்கிறது. 1951-இல் நார்வேக்கும் பிரிட்டனுக்கும் மீன்பிடி வழக்கு நடந்தபோது, அப்படிக் கோடு போட்டது சரி என்று அனைத்துலக நீதிமன்றம் நார்வே பக்கம் தீர்ப்பளித்தது. நீளத்தைப் பார்க்க வேண்டி வந்தாலும் நீதிபதிகள் எளிமையாக்கிவிடுவார்கள். 1985-இல் லிபியா, மால்டா வழக்கில், எதிரெதிரே உள்ள பகுதியை மட்டும் எடுத்து, லிபியாவுக்கு 192 மைல், மால்டாவுக்கு 24 மைல் என்று வைத்துக்கொண்டு தீர்ப்புக்குப் போனார்கள். குடா குடாவாக நுழைந்து கொண்டிருக்கவில்லை.

நம் வீட்டுப் பக்க வழக்கில் தலைவலி வேறு மாதிரி வந்தது. ஜொகூருக்கு அப்பால் உள்ள பத்து பூத்தே பாறை பற்றி 2008-இல் தீர்ப்பு வந்தது, நினைவிருக்கும். பத்து பூத்தே சிங்கப்பூருக்கு, மிடல் ராக்ஸ் மலேசியாவுக்கு. மூன்றாவதான சௌத் லெட்ஜ் தண்ணீர் இறங்கும்போது மட்டுமே தலைகாட்டும் பாறை. அது யாருடைய கடற்பகுதியில் இருக்கிறதோ அவர்களுக்கு என்று சொல்லி விட்டுவிட்டார்கள்.

இதெல்லாம் பொழுதுபோக்குக் கணக்கு என்று நினைப்பவர்களுக்கு நம் நாட்டிலிருந்தே ஒன்று சொல்கிறேன். 1980-களின் நடுவில் கடலரிப்பு பற்றி ஒரு தேசிய ஆய்வு நடந்தது. மலேசியாவின் கரை 4,809 கிலோமீட்டர். அதில் சுமார் 29 சதவீதம் அரிக்கப்படுகிறது என்று சொன்னது. கிலோமீட்டரில் சொன்னால் 1,400-ஐ நெருங்கும். 2015-ஆம் ஆண்டின் ஆய்வில் கரை 8,840 கிலோமீட்டர். அரிப்பு சுமார் 1,350 கிலோமீட்டர், அதாவது 15 சதவீதம். சதவீதத்தை மட்டும் படிப்பவருக்கு முப்பது ஆண்டுகளில் பிரச்சினை பாதியாகக் குறைந்துவிட்டது, நிம்மதி என்று தோன்றும். கிலோமீட்டரைப் பாருங்கள், ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. கீழே உள்ள மொத்தம்தான் இரு மடங்கை நெருங்கியது. மேடையில் பேசுபவர்கள் எந்த எண்ணை எடுத்துக்கொள்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். அலையாத்தி மரங்களை இழந்த கிராமத்தில் நிற்பவருக்கு இந்தச் சதவீதம் எதற்கும் உதவாது.

இனி உங்கள் மகளின் இடுபணி. தேர்வில் கேட்டால் பாடநூலில் உள்ள எண்ணையே எழுதட்டும் அம்மா, திருத்துபவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். இடுபணியில் மட்டும் இப்படிச் செய்யச் சொல்லுங்கள். ஒரே பட்டியலை எடுத்துக்கொண்டு எல்லா நாடுகளையும் அதிலிருந்தே எழுதட்டும். என் விருப்பம் உலக வளங்கள் நிறுவனத்தின் பட்டியல். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் யார் அளந்தது, எந்த அளவு வரைபடம், தீவுகள் சேர்ந்ததா இல்லையா என்று ஒரு கட்டம் போடட்டும். கடைசியில் சிலியையும் ஜப்பானையும் மட்டும் இரண்டு பட்டியல்களிலிருந்தும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். நேரம் இருந்தால் கவராயத்தோடு பினாங்கு வரைபடத்தையும் கொடுங்கள். 5 கிலோமீட்டரில் ஒரு சுற்று, 1 கிலோமீட்டரில் ஒரு சுற்று. கிழக்குக் கரையையும் மேற்குக் கரையையும் தனித்தனியாகக் கூட்டி எழுதட்டும். வகுப்பில் வேறு யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள்.

அடுத்த கேள்வி, சுங்கை பட்டாணியிலிருந்து வந்திருக்கிறது. ஏரியின் கரை கடற்கரைக் கணக்கில் சேருமா என்று கேட்கிறார். சேராது. கஸ்பியன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது பெருங்கடலோடு சேராதது. அதனால் அதன் கரையில் உள்ள கஜகஸ்தான் கடலில்லாத நாடுகளின் பட்டியலில்தான் இருக்கிறது.